விரிக்கக் கூடாத குடை

புதிதாக யாவாரி அட்டை வாங்கியிருக்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும், போடி ஜீப்பு முக்கில் முப்பது வருடம் கிழங்கு விற்ற பாக்கியம் எழுதுவது.

சங்கக் கூட்டத்துக்கு வந்து உங்களிடம் கொஞ்சம் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். படித்தது அஞ்சாவது வரைதான். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழங்கு எந்தப் பதத்தில் இறக்குவது, மொச்சைக்கு உப்பு எவ்வளவு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது சரியில்லை என்றால் வாங்கித் தின்கிறவர்களே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு குடையைப் பற்றி. அந்தக் குடையாலும், நான் சொன்ன ஒரு சொல்லாலும், பதினொரு பேருக்கு உட்கார இடமில்லாமல் போக இருந்தது.

நீங்கள் பார்க்கிற ஜீப்பு முக்கு வேறு. இப்போது ரோட்டோரம் மஞ்சள் கோடு இருக்கிறது. கோட்டுக்குள்ளே உங்கள் இடத்துக்கு எண் இருக்கிறது. அன்றைக்குக் கோடும் கிடையாது, எண்ணும் கிடையாது. விடிகிற நேரத்தில் ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்காதீர்கள். ஏறி முடித்த பிறகு எந்தக் கால் யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது. "ஏ மதினி, ஒன் முழங்கையை மடக்கு, என் வெலா எலும்பு ஒடியுது" என்று ஒருத்தி கத்துவாள். "ஒடிஞ்சா மேல போயி ஒட்டிக்கிரலாம், ஏறுடி" என்று இன்னொருத்தி. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஜன்னல் வழியே கையை நீட்டி என் கிழங்குப் பொட்டலத்தை வாங்குவார்கள். சாயங்காலம் திரும்பி இறங்கும்போது அவர்கள் சேலையெல்லாம் ஏலக்காய் மணக்கும். முழங்கால் வலியால் நான் வீட்டோடு இருந்து இரண்டு வருடம் ஆகிறது. மற்றது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அந்த மணம் வந்து இறங்குகிற நேரத்துக்கு மட்டும் இன்னும் வாசலைப் பார்க்கிறேன்.

அந்த முக்கு யாவாரம் செய்யக் கூடாத இடமாக இருந்தது. ஜீப்பு திரும்புகிற வளைவு. அதனால் அவ்வப்போது நகராட்சி அலுவலகத்து லாரி வரும். தட்டு, சட்டி, தராசு, எது முன்னால் இருக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு போவார்கள். அபராதம் கட்டி மீட்க வேண்டும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு ஜீப்பு பின்னால் வந்து என் கூடையை நசுக்கியதை நானே பார்த்தவள். அவர்களுக்கு அவர்கள் சோலி, எங்களுக்கு எங்கள் வயிறு.

முக்கில் எல்லோருக்கும் மூத்தவர் ஒரு பூக்காரம்மா. பேர் கேட்டால், "பூவுக்கு எதுக்குடி பேரு, மணந்தாப் போதாதா?" என்பார். கடைசிவரை அவர் பேர் எனக்குத் தெரியாது. நான் வந்து உட்கார்ந்த முதல் நாள், கூவி விற்கச் சொன்னார். "கெழங்கு" என்று சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"ஏத்தா, நீ கெழங்கு விக்க வந்தியா, கெழங்குகிட்டத் துட்டி கேக்க வந்தியா?" என்றார். எழவு வீட்டில் துக்கம் கேட்கிற குரலாம் எனக்கு. முக்கே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஆனால் அவர் என்னை விரட்டவில்லை. இரண்டு மூன்று நாள் பார்த்திருந்துவிட்டு, வளைவின் தலைப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தார். அங்கிருந்து பார்த்தால் ரோடு நேராகத் தெரியும். லாரி வருவது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே எனக்குத் தெரியும். அதுவரை லாரியைப் பார்த்தவர் "லாரி, லாரி" என்று கத்துவதுதான் வழக்கம். கத்தினவரைத்தான் அவர்கள் முதலில் பிடிப்பார்கள்.

"ஒனக்குக் கத்த வராது. அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார் பூக்காரம்மா. வளைந்த மரப்பிடி போட்ட ஒரு கறுப்புக் குடையை என் மடியில் வைத்தார். "லாரி தெரிஞ்சா இதை விரி. நாங்க பாத்துக்கிர்றோம். யாராச்சும் கேட்டா வெயிலுக்குத்தான் விரிச்சேன்னு சொல்லு."

"எனக்கு வெயில் அடிச்சா?"

"அடிக்கட்டும். அதுக்கு விரிக்கப்படாது. சாரல் அடிச்சாலும் விரிக்கப்படாது."

அதுதான் முக்கின் சட்டம். குடை விரிந்தால் எல்லோரும் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் போய்விடுவார்கள். குடைக்காரி மட்டும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் சைகை என்று தெரிந்துவிடும். என் சட்டி போனால், மறுநாள் காலையில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அவரவர் சரக்கைக் கொண்டுவந்து என் மடியில் போடுவார்கள். மாங்காய், பூ, பொரிகடலை என்று எல்லாம் கலந்து கிடக்கும். அதுவும் சட்டம்தான்.

இப்படியே பகல் வெயிலில் குடையை மடியில் வைத்துக்கொண்டு காய்ந்தேன். மலையிலிருந்து சாரல் இறங்கும்போது குடையோடு நனைந்தேன். ஜீப்பு டிரைவர்கள், "என்னாக்கா, கொடைக்குச் சளி பிடிச்சிரும்னு பயமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரே ஒரு தடவை தவறினேன். சித்திரை வெயில். பஸ்சுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் கையில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. அது முகத்தைச் சுளித்து அழுதது. யோசிக்கவில்லை, குடையை விரித்துப் பிள்ளைக்குப் பிடித்துவிட்டேன். பின்னால் சட்டி உருள்கிற சத்தம் கேட்டுத்தான் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தால் முக்கு காலி. தள்ளுவண்டியில் மாங்காய் விற்கிற மூக்கையா அண்ணே அவசரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டார். மாங்காய் எல்லாம் ரோட்டில் ஓடியது. பூக்காரம்மா திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "கொடை ஒன்னோடது இல்லத்தா. முக்கோடது."

பிள்ளைக்கு நிழல் கொடுத்ததற்கு நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. ஆனால் நம் கையில் இருக்கிற ஒன்றை நம்பிப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், அது நம்முடையது இல்லை என்பது அன்று புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் குடை விரித்தேன், எல்லோரும் போனார்கள், வழக்கம்போல என் சட்டி லாரியில் ஏறியது. அன்று சட்டி நிறைய சூடான மொச்சை. அலுவலகத்துக்குப் போய்க் கேள், கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னார்கள். போனேன். பின்கட்டில் ஒரு கொட்டகை. உள்ளே தராசுகள் ஒன்றோடொன்று சங்கிலி பின்னிக் குவியலாகக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் என் சட்டி. மூடி விலகி ஆவி வந்துகொண்டிருந்தது. நான் வாசலில் ஓரமாக நின்றேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. பூட்டுகிற நேரத்தில் காவல்காரர் வந்து, "யாருக்காக நிக்கிறீக?" என்றார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் சட்டி கிடைத்தது. மொச்சை ஊசிப்போயிருந்தது.

"நின்னா மட்டும் நீ எதுக்கு நிக்கிறேன்னு செவுத்துக்கா தெரியும்?" என்று பூக்காரம்மா திட்டினார். அவர் என்னைத் திட்டினது அந்த ஒரு தடவைதான்.

இப்போது உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. பொருளை எடுத்தால் என்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதித் தர வேண்டும். கெட்டுப்போகிற பொருள் என்றால் அபராதம் கட்டிக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். ஆனால் பாருங்கள், 'கேட்ட அன்றைக்கு' என்றுதான் இருக்கிறது. கேட்கவில்லை என்றால் சட்டத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பூக்காரம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பெரிய தப்பு நடந்தது. அவர் இருந்திருந்தால் நடந்திருக்குமா என்று நினைப்பேன். அவர் இருந்திருந்தாலும் குடை என் கையில்தானே இருந்திருக்கும்.

அதைச் சொல்வதற்கு முன் சுருளியம்மாவைச் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்த இடம் அவளுடையது. மலைக்குப் போகிற பெண்கள் ஈரத்துக்கு இடுப்பில் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் தாள் விற்பாள். காலில் ஏறுகிற அட்டைக்குத் தடவ, புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் கலந்து சின்னச் சின்ன முடிப்பாகக் கட்டி விற்பாள். "அட்டைக்கு மருந்தே!" என்று அவள் ஒரு குரல் விட்டால் மலைமேல் குரங்கணியில் கேட்கும் என்று கேலி செய்வார்கள். அவள் சரக்கைக் கூவி முடித்ததும், மூச்சு விடாமல் "கெழங்கே, சூட்டுக் கெழங்கே, மொச்சையே!" என்று எனக்கும் சேர்த்துக் கூவுவாள். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. எனக்குக் கண், அவளுக்கு வாய் என்று முக்கில் பேசிக்கொள்வார்கள். என் யாவாரம் அவள் தொண்டையில்தான் நடந்தது.

சாலையோர வியாபாரிகளுக்குச் சட்டம் வந்து, ஊரில் கணக்கெடுக்கப் போகிறார்கள் என்று ஒரு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஜீப்பு ஹாரன் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "...வியாபாரிகள் அனைவருக்கும் அட்டை வழங்கப்படும்..."

சுருளியம்மா எழுந்து நின்றாள். "ஏ அப்பு, மைக்குக்காரரே! அட்டையை நீங்க குடுங்க, மருந்தை நான் குடுக்குறேன்!"

முக்கு குலுங்கிச் சிரித்தது. மூக்கையா அண்ணே, "காட்டு அட்டை பத்தாதுன்னு கவருமெண்டு அட்டை வேறயா? எந்தக் கால்லத்தா ஏறும்?" என்று கேட்டு அதைத் தொடர, சிரிப்பு அடங்கவே இல்லை. என்றைக்கு வருவார்கள் என்று மைக்கில் சொன்னது அந்தச் சிரிப்பில் போய்விட்டது. நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

சில நாள் கழித்து ஒரு முற்பகல். வளைவில் அலுவலகத்து ஜீப்பு தெரிந்தது. குடையின் பிடியில் கை போய்விட்டது. நன்றாகக் கேளுங்கள், இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று லாரி வரவில்லை, ஜீப்பு மட்டும்தான் வந்தது. பின்னால் ஆள் இல்லை. முன்னால் இருந்த பெண்ணின் மடியில் ஒரு பெரிய நோட்டு இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். என்னமோ வித்தியாசமாக இருக்கிறதே என்று மனசு சொன்னது. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. குடையை விரிப்பது சுலபமாக இருந்தது. விரித்துவிட்டேன்.

பதினொரு பேரும் போய்விட்டார்கள். சுருளியம்மா தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, போகிற போக்கில் என் சட்டி மூடியைச் சரியாக வைத்துவிட்டுப் போனாள்.

நோட்டு வைத்திருந்த பெண் இறங்கி வந்து என் முன்னால் குத்தவைத்தாள். சிரித்த முகம். "பேரு என்னம்மா? எத்தனை வருசமா இங்க விக்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். படம் எடுத்தாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல வேற யாரும் யாவாரம் பண்றாங்களா?" என்றாள்.

முக்கில் வருகிற அதிகாரி இந்தக் கேள்வி கேட்டால் சொல்ல வேண்டிய பதில் எங்களுக்கு எத்தனையோ வருடமாக ஒன்றுதான். எனக்கும் அது தயங்காமல் வந்தது. வாழ்நாளில் தயங்காமல் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"யாரும் இல்லைங்க."

"நல்லாத் தெரியுமா?"

"நான் ஒருத்திதாங்க."

அவள் எழுதினாள். 'ஒருவர்' என்று எழுதுவதை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கையெழுத்துக் கேட்டாள். பாக்கியம் என்று ஐந்து எழுத்தையும் அழகாகப் போட்டேன். கைநாட்டு இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜீப்பு போனதும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். "சட்டியை எடுக்கலையா? என்னா கேட்டாக?" என்றாள் சுருளியம்மா. "ஒண்ணும் இல்லை, பேரு கேட்டாக" என்றேன். அதன் பொருள் எனக்கே புரியவில்லை என்றால் நம்புவீர்களா?

மாதங்கள் போய் அட்டை வந்தது. முக்குக்கு ஒரே ஒரு அட்டை. என் படம் போட்டு, என் பேர் போட்டு. ஒரு வாரத்தில் அலுவலகத்து ஆள் வந்து, அங்கே உட்கார்ந்திருந்த மற்ற பதினொரு பேருக்கும் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கணக்கில் இல்லாதவர்கள் இனி அங்கே விற்றால் பொருள் பறிமுதல், அபராதம், மறுபடியும் விற்றால் இன்னும் கூடுதல் அபராதம் என்று இருந்தது. சீட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது.

"எங்களை ஏன் கணக்குல சேக்கலையாம்?" என்றார் மூக்கையா அண்ணே.

அப்போதுதான் சொன்னேன். நோட்டு, கேள்வி, நான் சொன்ன பதில், கையெழுத்து எல்லாம்.

சுருளியம்மாதான் முதலில் சொன்னாள்: "நல்லாத்தான் கொடை பிடிச்சே. எங்களைக் கெளப்பிவிட்டுட்டு நீ அட்டையை வாங்கிக்கிட்டே."

"சத்தியமா எனக்குத் தெரியாது சுருளி."

"ஒனக்குத்தான கண்ணு! முக்குக்கே கண்ணு நீதான! ஒனக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. காலையில் "அட்டைக்கு மருந்தே!" என்று கூவுவாள். அதோடு நிறுத்திக்கொள்வாள். எனக்கான கூவல் வருகிற இடத்தில் ஒரு மௌனம் இருக்கும். ஜீப்புப் பெண்களுக்குக்கூட அது உறுத்தியது. "என்னாத்தா, இன்னைக்குக் கெழங்கு இல்லியா?" என்று என் முன்னால் நின்றே கேட்பார்கள். பாதிச் சட்டியோடு வீட்டுக்குப் போவேன். இரண்டு தடவை லாரி வந்தது. குடையை விரித்தேன், தப்பித்தார்கள். மூன்றாவது தடவை சுருளியம்மா குடையைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாள்கட்டு மொத்தமும் போனது.

அன்று பகலே வீட்டுக்கு வந்து, பேரப்பிள்ளையின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மனு எழுதினேன். பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எழுதினேன். மூன்று தரம் அடித்து எழுதினேன். 'ஐயா, நான் ஒருத்திதான் என்று சொன்னது பொய். பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.' அவ்வளவுதான் மனு.

அலுவலகத்தில் எழுத்தர் படித்தார். வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "முன்னால கையெழுத்துப் போட்டதுல ஒருத்தர்னு இருக்கு. இதுல பன்னெண்டுங்கிறீங்க. எதும்மா பொய்?"

"முந்தி சொன்னதுங்க."

"பொய்யான தகவல் குடுத்து வாங்குன அட்டையை ரத்துப் பண்ண விதி இருக்கு. அது தெரியுமா?"

தெரிந்துதான் போயிருந்தேன். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை முதல் நாளே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். "அதான் கொண்டாந்துட்டேன்."

அவர் அட்டையைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார். அட்டையை என் பக்கம் தள்ளினார். "நீங்க அங்க விக்கிறது நெசந்தான? அதை யாரும் இன்னும் கேள்வி கேக்கலை. எடுத்து முடிஞ்சுக்கங்க. இந்த மனுவைக் குழு கூடும்போது வைக்கிறேன். யார் எங்க உக்காரலாம்னு முடிவு பண்றது அவங்கதான். நீங்களும் வந்து சொல்லணும்."

"எழுதிக் குடுத்துட்டேனேங்க."

"வாயால சொல்லணும்மா."

குழு கூடுகிற நாளில் போய் நின்றேன். அன்று பெரிய மேசை, சுற்றி அதிகாரிகள், போலீஸ்காரர் ஒருவர், மற்ற தெருக்களின் யாவாரிகள் இரண்டு மூன்று பேர். "சொல்லுங்கம்மா" என்றார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊசிப்போன மொச்சை நினைவுக்கு வந்தது. பேச்சு எனக்கு வராது. ஆனால் முக்கு எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன். வளைவிலிருந்து தொடங்கினேன். "எனக்கு அடுத்தாப்ல சுருளியம்மா, பிளாஸ்டிக் தாளும் அட்டை மருந்தும். அதுக்கு அடுத்தாப்ல மூக்கையா அண்ணே, மாங்கா வண்டி..." இப்படிப் பதினொரு பேரையும், யார் பக்கத்தில் யார், என்ன சரக்கு, எத்தனை வருடம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு நாள் சொல்லி, ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் இடத்தில் இருப்பவர்கள் கணக்கில் சேருவார்கள். இல்லாதவர்கள் இல்லை. ஜீப்பு திரும்ப இடம் விட்டு, கோடு போட்டு உள்ளே தள்ளி உட்கார முடியுமா என்றும் பார்ப்பார்கள்.

முக்கில் வந்து சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. மொத்தமாகப் பிடிக்க வழி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். சுருளியம்மா குனிந்து மருந்து முடிப்புக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நாள் வந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் யாரும் சரக்கை முழுதாக விரிக்கவில்லை. எல்லார் கண்ணும் என் மடியில் இருந்த குடை மேல் இருந்தது. என்னை நம்பி இவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்தேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். குடைக்காரி எழக் கூடாது என்கிற சட்டத்தை மீறி, போய்ச் சுருளியம்மாவின் மடியில் வைத்தேன்.

"என்னாடி இது?"

"ஓடணும்னு தோணுச்சுன்னா நீ விரி. எல்லாரும் போயிரலாம். நானும் வர்றேன்."

அவள் குடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தொடவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

ஜீப்பு வளைவில் தெரிந்ததும் மூக்கையா அண்ணே பழக்க தோஷத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியேவிட்டார். சந்து முனை வரை போனவர் திரும்பி, ஜீப்பைப் பார்க்கவில்லை, குடையைப் பார்த்தார். சுருளியம்மா அதன் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது. குடை மூடியே இருந்தது. அண்ணே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றார்.

அதே நோட்டுக்காரப் பெண்தான் வந்தாள். என்னைப் பார்த்து, "நான் ஒருத்திதான்னு சொன்னீங்களேம்மா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். பன்னிரண்டு பேரும் எழுதி முடிக்க உச்சிவெயில் வந்துவிட்டது. ஜீப்பு போனது. எங்களுக்கு எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லை.

சுருளியம்மா முகத்தைத் துடைத்தாள். "எம்புட்டு வெயிலுடி" என்றாள். இத்தனை நாள் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நகர்ந்து என் பக்கம் வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த குடையை எங்கள் இரண்டு பேருக்கும் மேலே விரித்தாள்.

அவ்வளவுதான். மூக்கையா அண்ணே மாங்காயை அள்ளிப்போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பொரிகடலைக்காரர் கூடையைத் தலையில் ஏற்றினார். முக்கு மொத்தமும் எழுந்துவிட்டது.

சுருளியம்மா இருந்த இடத்திலிருந்தே ஒரு குரல் விட்டாள்.

"உக்காருங்கய்யா! வெயிலுக்குத்தான்!"

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு, மூச்சு விடாமல், "கெழங்கே, சூட்டுக் கெழங்கே!" என்று கூவினாள்.

பிறகு பதினொரு பேருக்கும் அட்டை வந்தது, மஞ்சள் கோடும் வந்தது. அந்தக் குடை இப்போது சுருளியம்மாவின் கடைக் கம்பியில் தொங்குகிறது. குடைக்கம்பி ஒன்று ஒடிந்திருக்கும், பார்த்து விரியுங்கள். உங்கள் முக்கில் சித்திரை வெயில் பொல்லாதது. எடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் ஓட மாட்டார்கள்.